நூலுக்கு ஆகாத வெக்கை

சித்திரை மாசம். உச்சி வெயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்துச்சு. வானத்துல பேருக்குக்கூட மேகம் இல்லை. என் வீட்டுக் கூரையில இருந்து மட்டும் சொட்டுச் சொட்டாத் தண்ணி விழுந்துக்கிட்டிருந்துச்சு.

நான் கட்டில்ல உக்காந்து, வெந்நீர்ப் பையை ரெண்டு கைக்கும் நடுவுல வச்சுக்கிட்டு அந்தச் சொட்டையே பாத்துக்கிட்டிருந்தேன். சங்கரன்கோவிலுக்கு வந்து ஒரு மாசம்கூட முழுசா ஆகலை. வெயிலைத் தேடி வந்தவ நான். அதுலயும் தகரக் கூரை போட்ட பழைய தறிக்கொட்டகையாப் பாத்துக் குடி வந்தவ. அந்த வீடு ஈரமும் சில்லிப்புமா இருக்கு. விரல் மடங்க மாட்டேங்குது.

தடியை ஊன்றி வெளிய வந்து அண்ணாந்து பாத்தேன். ஏணி மேல வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி நிக்கார். வேட்டியை மடிச்சுக் கட்டி, தலையில துண்டு, கையில ரப்பர் குழாய். கூரை மேல பரப்பியிருந்த தென்னங்கீத்து அத்தனையும் நனையற மாதிரி தண்ணி பீச்சிக்கிட்டிருக்கார்.

"வார்டனம்மா, வெளிய வராதிய. வெயிலு மண்டையப் பொளக்கு" ன்னார். "தெனமும் விடியக்காலம் நீங்க எந்திரிக்கதுக்கு முன்னாடி ஒருக்க நனைச்சுருதேன். மத்தியானம் நீங்க சாப்பிட்டு அசந்த நேரம் ஒருக்க. இன்னைக்குக் காலையில கரண்டு இல்ல, மோட்டார் ஓடல. அதான் லேட்டாயிட்டு. ஒரு கொறையும் வராம பாத்துக்கிடுதேன், நீங்க நிம்மதியா உள்ள இருங்க."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவர் அதை நன்றிக் கண்ணீர்னு நினைச்சுக்கிட்டு, குழாயை இன்னும் கொஞ்சம் உசரத் தூக்கிப் பிடிச்சார்.

முந்தின நாள்தான் நான் பெங்களூர்ல இருக்கிற என் தம்பி சேகருக்குப் போன் பண்ணி, "என்னை வந்து கூட்டிட்டுப் போயிரு, தோத்துட்டேன்"னு சொல்லியிருந்தேன்.

பூட்டும் குழாயும்

கொடைக்கானல்ல ஒரு பள்ளிக்கூட விடுதிக்கு நான் வார்டன். வாலிபத்துல போனவ, நரைச்சப்புறம்தான் இறங்கினேன். அந்த ஊரைப் பத்திப் போன வாரங்கள்ல இந்தப் பத்தியில நிறையப் புகழ்ந்து எழுதியாச்சு. இந்த வாரம் திட்டப் போறேன். தயவுபண்ணி யாரும் கோவிச்சுக்கக் கூடாது.

எனக்கு மூட்டுவாதம். முதல்ல கைவிரல், அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழங்கால்னு வரிசையா வந்து குடியேறுச்சு. மழையும் பனியும் சேந்த காலையில கை ரெண்டும் மரக்கட்டையா இருக்கும். எனக்கு ரெண்டு விரோதிங்க. ஒண்ணு பூட்டு, இன்னொண்ணு தண்ணிக்குழாய். ரெண்டையும் திருகணும். என்னால திருக முடியாது. என் அறையைத் திறக்க ஆயாவைக் கூப்பிடணும், முகம் கழுவப் பிள்ளைகளைக் கூப்பிடணும். ஊரையே அதட்டி மேய்ச்ச வார்டன், ஒரு குழாய் முன்னாடி யாராவது வருவாங்களான்னு நின்னுக்கிட்டிருப்பேன். அந்த நேரத்துல எனக்கு வர்ற கோபம் இருக்கே, குழாயைக் கடிச்சு வச்சிரலாமான்னு இருக்கும்.

டாக்டர் நல்ல மனுஷன். "குளிரால இந்த வியாதி வரலை. ஆனா உங்க விறைப்பை அது கூட்டுது. மருந்தை விடாம, வெயிலும் வறட்சியுமா இருக்கிற ஊராப் பாத்துப் போய்ப் பாருங்களேன்"னார். வேலையில இருந்தும் உடம்பைக் காரணம் காட்டி அனுப்பிட்டாங்க. ஒரு சின்ன பென்சன். அதோட மாற்றுத்திறனாளிக்கு அரசாங்கம் குடுக்கிற உதவித்தொகை. விடுதி அறையைக் காலி பண்ணணும்.

தம்பி வாடான்னா உடனே ஓடி வர்றவன். "அக்கா, எங்களோட வந்திரு. ஒரு ரூமை உனக்குன்னே விட்டுடறோம். பூட்டு, சாவி, குழாய் ஒண்ணும் நீ தொட வேண்டாம்"னான். பாசமாத்தான் சொன்னான். அவன் என்னைப் பாக்க வரும்போதெல்லாம், அறை வாசல்ல நான் நின்னதுமே அவன் கை தானா நீளும். நான் சாவியை அதுல வச்சுருவேன். அவன் திறந்து விடுவான். அப்படியே பழகிப்போச்சு.

அவன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் சாவி காலம் பூரா இன்னொருத்தர் கையில இருக்கறதுதான் எனக்குத் தாங்கலை. என் வீட்டை நானே பூட்டி, நானே திறக்கணும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதுக்கு வெயில் வேணும், அந்த வெயில் என் பென்சனுக்குள்ள கிடைக்கணும்.

"சரி, ஆடி வரைக்கும் தனியா இருந்து பாரு. முடியலைன்னா மறுபேச்சுப் பேசாம வந்துரணும்"னு சேகர் கறாராச் சொல்லிட்டான். நானும் தலையாட்டிட்டேன்.

குளுகுளுன்னு இருக்கும்

விடுதியில எங்களுக்குச் சமைச்சுப் போட்டது பேச்சியம்மா. சங்கரன்கோவில்காரி. பனி கொட்டுற காலையில அடுப்புக்கு முன்னாடி குத்தவச்சு உக்காந்துக்கிட்டு, "எங்க ஊருல இந்நேரம் அப்பளத்தக் கூரையில போட்டா பொரிஞ்சிருமே வார்டன். இங்கன வந்து நான் ஏன் சாவுதேன்னு தெரியல" ம்பா. ஊரை வையறதுக்காகச் சொல்லுதாளா, பெருமைக்குச் சொல்லுதாளான்னு எனக்குப் பிடிபட்டதே இல்லை. எனக்கு முன்னாடியே வேலையை விட்டு ஊருக்குப் போயிட்டா. நான் போன் பண்ணி, "உங்க ஊர் வெயில் இன்னும் அப்படியே இருக்கா?"ன்னேன்.

"அது எங்க போவப்போவுது. வாங்க, பாத்துக்கிடலாம்"னா.

அதுக்கு முந்தி வேற இடமும் பாக்காம இல்லை. தூத்துக்குடியில உப்புக்காத்துப் பட்டதும் முழங்கால் முறைச்சுக்கிச்சு. மதுரையில வாடகையைக் கேட்டதும் நானே முறைச்சுக்கிட்டு வந்துட்டேன்.

பேச்சியம்மாவோட தம்பி கோமதிநாயகம் ஆட்டோ ஓட்டுதான். வீடு பாத்துக் குடுக்கிற வேலையும் பாப்பான். என்னை ஏத்திக்கிட்டு ஊரைச் சுத்த ஆரம்பிச்சான். வீடு தேடற யாருக்கும் வராத சிக்கல் எனக்கு வந்துச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரங்க என்னைக் கூடத்துல கொண்டு நிறுத்தி, நெஞ்சை நிமித்தி, ஒரே வார்த்தைதான் சொன்னாங்க.

"குளுகுளுன்னு இருக்கும்."

வேப்பமரம் வச்சிருக்கோம், அதனால குளுகுளு. கூரையில சுண்ணாம்பு அடிச்சிருக்கோம், அதனால குளுகுளு. ஒருத்தர் இன்னும் மேல போயி, "சித்திரையில கூட கொடைக்கானல் மாதிரி இருக்கும்"னார்.

"அங்க இருந்து தப்பிச்சுத்தான்யா வந்திருக்கேன்"னேன். அவருக்கு ஒண்ணும் விளங்கலை. கோமதிநாயகம் அவசரமா, "அக்கா தமாசா பேசுவாக"ன்னு சமாளிச்சான்.

அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. நம்ம ஆளுங்களுக்கு நல்லதுன்னாலே குளிர்ச்சிதான். மனசு குளிரணும், கண்ணு குளிரணும், வயிறு குளிரணும். யாராவது ஒருத்தரை வாழ்த்தும்போது, நீ காந்திக்கிட்டு இருக்கணும்னு வாழ்த்தியிருக்கோமா? நான் ஒவ்வொரு வீட்லயும் போயி, "வெயில் உள்ள வருமா? கூரை சுடுமா?"ன்னு கேக்கக் கேக்க, மூளைக்கும் வாதம் வந்துருச்சோன்னு பாத்தாங்க.

ரெண்டு மூணு வீடு நல்லா சூடு ஏறுச்சு. எல்லாம் மாடி. மேக்கப் பாத்த மொட்டைமாடி அறை, சாயங்காலம் சுவரைத் தொட முடியாது. ஆனா படியேற முடியாதே. வெக்கை மாடியில இருந்துச்சு, என் கால் தரையில இருந்துச்சு. ரெண்டையும் ஒண்ணு சேக்க ஆள் இல்லை.

அக்கம்பக்கத்து ஊரையும் விடலை. சிவகிரியில ஒரு வீடு, அழகுன்னா அழகு. சாயங்காலம் மலையில இருந்து காத்து இறங்குச்சு பாருங்க, நான் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கிட்டு ஆட்டோவுல ஏறிட்டேன். கரிவலம்வந்தநல்லூர்ல வயலைப் பாத்த வீடு, தரையெல்லாம் ஈரம். குருவிகுளம் பக்கம் போனா, மானம் பாத்த கரிசல், வெயில் நான் கேட்டபடியே இருந்துச்சு. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போகவும் மாத்திரை வாங்கவும் பஸ்ஸை எதிர்பாத்து ரோட்டுல தவம் கிடக்கணும். வெயிலை மட்டும் தின்னுட்டு இருக்க முடியாதுல்லா.

"அக்கா, ஒங்களுக்கு வீடு பாக்கதுக்குப் பதிலா ஒரு செங்கச்சூளையப் பேசி முடிச்சிரலாம்"னான் கோமதிநாயகம். அவன் அலுத்துக்கிட்டாலும் என்னைய விட்டுட்டுப் போகலை.

இரும்புக் கதவு

அன்னைக்கும் ஒண்ணும் அமையாம, ரத வீதிக்குப் பின்னால நெசவுத் தெரு வழியாத் திரும்பி வந்துக்கிட்டிருந்தோம். ரெண்டு பக்கமும் விசைத்தறி சத்தம், டக்கடக்க டக்கடக்கன்னு. நடுவுல ஒரு கொட்டகை மட்டும் சத்தமில்லாமக் கிடந்துச்சு. தகரக் கூரை, ஆட்டோவே உள்ள போற அகலத்துக்கு இரும்புக் கதவு, மேக்கப் பாத்த வாசல். தறி சாமானை ஏத்தி இறக்கறதுக்காகப் படியே வைக்காம, தெருவுல இருந்து உள்ள வரைக்கும் சரிவாத் தளம் போட்டிருந்தாங்க.

"நிறுத்துப்பா"ன்னேன்.

"அது வீடு இல்லக்கா. தறிக்கொட்டகை."

நான் இறங்கி அந்தக் கதவுகிட்டப் போனேன். சாயங்கால வெயில் நேரா அதுமேல அடிச்சுக்கிட்டிருந்துச்சு. "சுட்டுரும்க்கா"ன்னு அவன் கத்துறதுக்குள்ள ரெண்டு உள்ளங்கையையும் கதவுமேல பரப்பி வச்சுட்டேன். சுட்டுச்சு. சுடச் சுட எடுக்க மனசில்லை. கொஞ்ச நேரத்துல விரல்ங்க ஒவ்வொண்ணா இளகி, தானா மடங்கி, நிமிந்துச்சு. நடுத்தெருவுல நின்னுக்கிட்டு நான் சிரிக்கறேன். தறியில இருந்தவங்க எட்டிப் பாக்காங்க. கோமதிநாயகத்துக்கு வெக்கமாப் போயிட்டு.

எதுத்தாப்புல புதுக் கொட்டகையில இருந்து சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். விசயத்தைக் கேட்டதும் காதைப் பொத்தாத குறைதான்.

"இதயா? வேண்டவே வேண்டாம் தாயி. இங்கன வெக்கை தாங்காம பாவு நூலு அறுந்து அறுந்து போயித்தான், தறிய எல்லாம் பேத்துக்கிட்டு அங்கன போனேன். நூலுக்கே ஆவாத எடம். அதுல ஒரு பொம்பளைய, அதுவும் மேலுக்குச் சொகமில்லாதவுகளப் போட்டு வாடகை வாங்குனா, தெருக்காரன் என்னைய என்ன பேசுவான்?"

விசைத்தறி பத்தி அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். காத்துல கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் பாவு நூல் அறாம ஓடும். கோடையில அதுக்காகவே தரையில தண்ணி தெளிப்பாங்களாம், சாக்கை நனைச்சுப் போடுவாங்களாம்.

"அண்ணாச்சி, நூலுக்கு ஈரம் வேணும். எனக்கு ஈரம்தான் ஆகாது"ன்னேன். அவர் நம்பலை. பேச்சியம்மா ரெண்டு தடவை போயிப் பேசினா. அண்ணாச்சி சம்சாரம் ஆவுடைத்தாய் மதினிதான் கடைசியில, "கேக்கவுகளுக்குக் குடுங்களேன். சும்மாதான கெடக்கு"ன்னு ஒரு அதட்டு போட்டாங்க. வாடகை என் கைக்கு அடங்கினதுதான். உள்ளேயே ஒரு மூலையில குளியலறை கட்டித் தரவும் ஒத்துக்கிட்டார். தறி பதிச்சிருந்த போல்ட்டு எல்லாம் அறுத்து, சிமெண்டு பூசி வழவழன்னு ஆக்கிட்டார். தடியை வச்சு நடக்கறவளுக்கு அந்தத் தரை மாதிரி வேற எங்க கிடைக்கும்?

நூலுக்குச் செய்த உபசாரம்

சாமான் செட்டோட வந்து இறங்கினா, கூரை முழுக்கத் தென்னங்கீத்து. பச்சை வாசம் அடிக்குது. அண்ணாச்சியும் மதினியும் வாசல்ல நின்னு என் முகத்தையே பாக்காங்க. கல்யாண வீட்டுல சாப்பாடு நல்லாருக்கான்னு பாப்பாங்களே, அப்படி.

"ஒங்களுக்குன்னு எங்க செலவுலயே போட்டாச்சு"ன்னார் அண்ணாச்சி.

அந்த முகத்தைப் பாத்து வேண்டாம்னு எப்படிச் சொல்றது? பிள்ளைகளை நடுங்க வச்ச நாக்கு, அன்னைக்கு ஒட்டிக்கிச்சு. கீத்துதானே, இந்த ஊர் வெயிலுக்கு அது என்ன செஞ்சிரும்னு என்னை நானே தேத்திக்கிட்டேன்.

நாள் போகப் போக விறைப்புத் திரும்பி வந்துச்சு. தரையெல்லாம் ஒரு பிசுபிசுப்பு. காலையில பூட்டைத் திறக்க முடியாம மதினியைக் கூப்பிட்டேன். குழாயைத் திருக முடியாம ராத்திரியே வாளியில தண்ணி பிடிச்சு வச்சேன். ஊர் பேரு மாறுச்சே ஒழிய, என் பாடு மாறலை. இவ்வளவு வெயில்லயே இப்படின்னா, வியாதி முத்திருச்சு, இனி நான் எங்க போனாலும் இதுதான் கதின்னு நினைச்சு, அன்னைக்கு உக்காந்து அழுதேன். அழுத கையோட சேகருக்குப் போனைப் போட்டேன்.

அவன் ஒண்ணும் குத்திக் காட்டலை. "பிள்ளைங்களுக்கு ஸ்கூல் திறக்கிற நேரம்க்கா. ஆடியில லீவு போட்டு வண்டியோட வந்துடறேன். ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிடறேன். அதுவரைக்கும் சமாளி"ன்னான். அவ்வளவு பாசமாப் பேசினதுல எனக்கு இன்னும் அழுகை வந்துச்சு.

அதுக்கு மறுநாள்தான் அந்த ஏணி. அந்தக் குழாய்.

அண்ணாச்சி கீழ இறங்கி வந்ததும் என் கையைப் பிடிச்சுப் பாக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கிப் பிடிச்சார். "இந்த விரலை மடக்கச் சொல்லுங்க"ன்னேன். நான் மடக்கப் பாத்தேன். பாதியிலயே நின்னு போச்சு.

"அண்ணாச்சி, நீங்க எனக்கு நல்லதுதான் செஞ்சிய. ஆனா நூலுக்குச் செய்யற மாதிரி செஞ்சுட்டிய. நனைக்க நனைக்க நான் விறைச்சுப் போறேன். என்னைக் காய விடுங்க."

மனுஷன் குழாயைக் கையில பிடிச்சபடியே நிக்கார். அது பாட்டுக்கு அவர் கால்ல தண்ணி ஊத்துது. முகம் சுருங்கிப் போச்சு. எனக்கே பாவமா இருந்துச்சு. அப்ப எதுத்த கொட்டகையில இருந்து மதினி வந்தாங்க. விசயம் தெரிஞ்சதும் சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்காங்க, சிரிக்காங்க, அடக்க முடியலை.

"இவுகளுக்கு எந்நேரமும் நூல் நெனப்புத்தான் வார்டனம்மா. எனக்குத் தலவலின்னு படுத்தாக்கூட, ஒரு மாத்திர வாங்கிட்டு வருவோம்னு தோணாது. தரையில தண்ணி தெளிச்சுட்டு, இப்பம் எப்படி இருக்குன்னு கேப்பாக."

அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துட்டு. நானும் சேந்துக்கிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே கீத்து எல்லாம் இறங்கிருச்சு. கூரை பல்லைக் காட்டிக்கிட்டு வெயிலைப் பாத்துச்சு.

அப்புறம் ஏறுச்சு பாருங்க வெக்கை. ஆஹா. தரை காஞ்சு, சுவர் காஞ்சு, நானும் காஞ்சேன். ஒரே நாள்ல ஒண்ணும் நடந்துரலை. மாத்திரை மாத்திரைபாட்டுக்கு உண்டு, வலியும் முழுசா விட்டுப் போயிரலை. இப்பவும் கார்த்திகை மழைக்கு நான் மூலையில முடங்கத்தான் செய்வேன். ஆனா வைகாசி பாதியில ஒரு காலையில எந்திரிச்சு, நினைப்பே இல்லாம குழாயைத் திருகி முகம் கழுவிட்டேன். கழுவி முடிச்சு, துண்டை எடுத்தப்புறம்தான் என்ன செஞ்சிருக்கேன்னு உறைச்சுச்சு. திரும்பிப் போயி அதை மூடி, திறந்து, மூடி, திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி விளையாண்டேன். தண்ணி வீணாப் போச்சுன்னு யாரும் எழுதிப் போடாதீங்க, வாளியைக் கீழ வச்சுத்தான் விளையாண்டேன்.

சேகருக்கு உடனே சொல்லலை. சொன்னா நம்ப மாட்டான். தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்லுதேன்னு நினைப்பான். ஆடியில நேர்ல வந்து பாக்கட்டும்னு விட்டுட்டேன். அதே சமயம் உள்ளுக்குள்ள உதறலும் இருந்துச்சு. அவன் வர்ற அன்னைக்குன்னு பாத்துக் கை மக்கர் பண்ணுச்சுன்னா, நான் குடுத்த வாக்குப்படி வண்டியில ஏறியாகணும்.

தண்ணிப் பந்தல்

அண்ணாச்சிக்கு வேற கவலை. கீத்தைப் பிரிச்சதும், அவர் பயந்த மாதிரியே தெருவுல பேச்சாயிட்டு. சீக்காளிப் பொம்பளையத் தகரத்துக்கு அடியில போட்டு வாட்டுதான், கொடுமைக்காரன்னு. பாவம், நல்லது செஞ்சும் கெட்ட பேரு. தினமும் வாசல்ல வந்து நின்னு, "தல கில சுத்துதா?"ன்னு கேப்பார். இல்லைன்னு சொன்னாலும் இளநியை நீட்டுவார். கூரையைக் குளிர வைக்க முடியாதவர், என் வயித்தையாவது குளிர வச்சே தீருவேன்னு இறங்கிட்டார். அதுக்கு நான் ஆட்சேபம் சொல்லலை.

ஆடித்தபசு வந்துச்சு. கோமதியம்மன் ஒத்தக்கால்ல தவம் நிக்கிற விழா. ஊரு கொள்ளாத சனம். நேந்துக்கிட்டவங்க ஆடிச்சுத்துன்னு கோயிலைச் சுத்திச் சுத்தி நடப்பாங்க. கொதிக்கிற ரோட்டுல வெறுங்காலோட நடக்கிற அந்தச் சனத்தைப் பாத்ததும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். என் கூரையில இருந்து இறக்கின கீத்து சும்மாதானே கிடக்கு. தெருமுனையில பந்தல் போடலாம். நீர்மோர் குடுக்கலாம். நான் ஊத்துதேன்.

"நீங்களா?"

"நானேதான். தெருக்காரங்க என்னையப் பாக்கட்டும். வாடிப் போயிருக்கேனா இல்லையான்னு அவங்களே சொல்லட்டும்."

அண்ணாச்சி ஓடியாடிப் பந்தல் போட்டார். கீத்தும் நனைஞ்சு, அவர் ஆசையும் தீந்துச்சு. பந்தல் மேல இஷ்டத்துக்குத் தண்ணி அடிச்சார். நான் பந்தலுக்கு வெளிய, வெயில்ல ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து மோர் ஊத்தினேன். வந்தவங்க எல்லாம், "உள்ள தள்ளி உக்காருங்கம்மா, வெயிலா இருக்கு"ன்னாங்க. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் என் கதையைச் சொன்னேன். சாயங்காலத்துக்குள்ள அண்ணாச்சியைப் பத்தின பேச்சு மாறிட்டு. சங்கரலிங்கம் வீட்டுல வெக்கை வைத்தியம் நடக்குன்னு ஆயிப்போச்சு. ஆளாளுக்கு வந்து விசாரிக்க, அவருக்கு அது அதைவிடப் பெரிய தலைவலி.

அந்தக் கூட்டத்துக்குள்ளதான் சேகர் வந்தான். வண்டியை ஊருக்கு வெளியவே மறிச்சுட்டாங்களாம். நடந்தே வந்திருக்கான். சட்டை முதுகோட ஒட்டி, முகமெல்லாம் வேர்த்து, யாரு என்னன்னு பாக்காம என் கையில இருந்து டம்ளரை வாங்கி மடமடன்னு குடிச்சான். காலி டம்ளரை நீட்டி, "இன்னொண்ணு ஊத்துங்கம்மா"ன்னான்.

நான் செம்பைச் சாய்ச்சு ஊத்தினேன். அவன் குடிக்கப் போகையில நிமிந்து பாத்தான்.

"அக்கா" ன்னான்.

என்னைத் தெரியாம இல்லை. அவனோட அக்கா கை ஒரு செம்பைத் தூக்கி ஊத்தி அவன் பாத்து எத்தனையோ வருசம் ஆச்சு. அதான் அந்தக் கை யாரு கைன்னு அவனுக்கு அடையாளம் தெரியலை.

மோரை மதினிகிட்ட ஒப்படைச்சுட்டு வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். வழியெல்லாம் விரலை மடக்கி மடக்கிப் பாத்துக்கிட்டே வந்தேன். செம்பு வேற, பூட்டு வேற. வாசலுக்கு வந்தோம். நான் நின்னதும், அவன் பழக்கதோசத்துல கையை நீட்டினான்.

நான் சாவியை அந்தக் கையில வைக்கலை. பூட்டுல வச்சேன். திருகினேன். 'டக்'குன்னு திறந்துச்சு.

நீட்டின கையை மடக்கத் தோணாம அவன் அப்படியே நின்னான். அப்புறம் அந்தக் கையால முகத்தைத் துடைச்சுக்கிட்டான். வேர்வைதான்னு சொன்னான். நானும் அப்படியே வச்சுக்கிட்டேன்.

உள்ள வந்தவன் ஒரு நிமிசம் தாங்கலை. "என்னக்கா இது, அடுப்புக்குள்ள வந்த மாதிரி இருக்கு. மனுஷன் இருப்பானா இதுல?"

"மனுஷி இருக்கேன்லா. உக்காரு, ஃபேன் போடுதேன்."

"போடுதேனா? பேச்சையும் மாத்திக்கிட்டியா?"ன்னு சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே போனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டு, "சாமான் எதுவும் ஏத்த வேண்டியதில்லைப்பா. நீங்க சாப்பிட்டுட்டு ரெஸ்ட் எடுங்க"ன்னான். எவ்வளவு நாளா நான் எதிர்பாத்த வார்த்தை. அதைப் போயி டிரைவர்கிட்டச் சொன்னான். பெயிண்ட் அடிச்ச ரூமை என்ன செய்யப் போறேன்னு கேட்டேன். "நீ மார்கழிக்கு வந்தா படுத்துக்கோ"ன்னான். "மார்கழிக்கா? ஆளை விடு"ன்னேன்.

ஃபேன் வெக்கையைத்தான் அள்ளி வீசுச்சு. அவன் பனியனோட தரையில படுத்துப் புரண்டுக்கிட்டிருந்தான். அப்ப வாசல்ல அண்ணாச்சி. கையில அதே ரப்பர் குழாய். என்னைப் பாக்கார், தரையில கிடக்கிற என் தம்பியைப் பாக்கார்.

"வார்டனம்மா, தம்பி குளிர்ந்த ஊர்க்காரவுக. துடிக்காக. கூரையில கொஞ்சம் போல..."

அந்த முகத்துக்கு அன்னைக்கும் என்னால இல்லைன்னு சொல்ல முடியலை. "இன்னைக்கு மட்டும்"னேன்.

ஏணி ஏறின வேகத்தைப் பாக்கணுமே. தகரத்துல தண்ணி சடசடன்னு விழுந்துச்சு. சேகர் கண்ணை மூடிக்கிட்டு, "சொர்க்கம்க்கா"ன்னு முனகி, அப்படியே தூங்கிட்டான். நான் கொஞ்ச நேரம் அவன் தூங்குறதைப் பாத்துக்கிட்டிருந்தேன். அண்ணாச்சி நிறுத்துற மாதிரி தெரியலை. மெதுவா எந்திரிச்சு வெளிய வந்து, சுவரோரம், அவர் ரப்பர் குழாயை மாட்டியிருந்த தண்ணிக்குழாயை நானே திருகி மூடினேன்.